மூச்சு முந்தும், கால் பிந்தும்: புதிதாக ஓடுபவர்களுக்கான பயிற்சி முறை

ஓடத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்தில் விட்டுவிடுவதில்லை. ஐந்தாறு வாரம் ஓடியபின் முழங்கால் வலியோ கெண்டைக்கால் பிடிப்போ வந்து நிற்கிறார்கள். அதற்குச் சற்று முன்புதான் ஓட்டம் சுகமாக மாறியிருக்கும். மூச்சு வாங்குவது குறைந்து, "இன்னும் ஒரு சுற்று போகலாமே" என்று தோன்றியிருக்கும். போயிருப்பார்கள்.

உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. ஓட ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளத் தொடங்குகிறது. தசைகள் வலுப்பெற ஒன்றிரண்டு மாதம் ஆகும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கும் எலும்புக்கும் பல மாதம் பிடிக்கும். எலும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுமை கூடும்போது அது பழைய திசுவை முதலில் கரைத்துவிட்டு அதன் பிறகே புதிதாகக் கட்டுகிறது. இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். இதனால்தான் மூச்சு தெம்பாக இருக்கும் நாளிலும் தூரத்தைக் கூட்டாமல் இருக்கப் பழக வேண்டும். கீழே வரும் கணக்குகள் எல்லாம் கால்களை மனத்தில் வைத்துப் போட்டவை. மூச்சுக்கு அவை சுலபமாகத் தெரிந்தால் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

இதய நோய், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், நெருங்கிய உறவினர் யாராவது இளம் வயதிலேயே மாரடைப்பால் இறந்திருந்தால் அந்தக் குடும்பத்தினரும், மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், காரணமில்லாத படபடப்பு வந்தால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. அடுத்த ஓட்டம் மருத்துவர் சொன்ன பிறகுதான்.

எவ்வளவு மெதுவாக ஓடுவது

பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். பக்கத்தில் ஒருவர் ஓடி வருகிறார் என்று வைத்துக்கொண்டு, எட்டுப் பத்து சொற்கள் உள்ள ஒரு முழு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சுக்கு நிற்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு மூன்று சொற்களிலேயே தடை விழுந்தால் வேகம் அதிகம். புதிதாக ஓடுபவர்களில் பலருக்கு இந்த வேகம் விறுவிறு நடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கும். யாராவது நடந்தே முந்திப் போனாலும் போகட்டும்.

நாடித்துடிப்பு காட்டும் வாட்ச் வைத்திருப்பவர்கள் 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடுவது வழக்கம். 40 வயதுக்காரருக்கு 180 வரும். அதில் 70 முதல் 75 சதவீதம், அதாவது 126 முதல் 135வரை, மெது ஓட்டம் என்பார்கள். ஆனால் இந்தச் சூத்திரம் பெருந்திரளான மக்களின் சராசரி. ஒருவருடைய உண்மையான உச்சத் துடிப்பு அதிலிருந்து 10, 12 துடிப்பு ஏறியும் இருக்கலாம், இறங்கியும் இருக்கலாம். மணிக்கட்டு வாட்ச் சில சமயம் காலடி எண்ணிக்கையையே துடிப்பாகக் காட்டிவிடும். சுலபமாக ஓடும்போது திடீரென்று 165, 170 காட்டினால் முதலில் வாட்ச் பட்டையை இறுக்கிப் பாருங்கள். வாட்சும் பேச்சும் வேறு வேறு சொன்னால் பேச்சையே நம்பலாம்.

மெதுவாக ஓடினால் எப்படி வேகம் வரும் என்ற கேள்வி எல்லோருக்கும் எழும். மெது ஓட்டத்தில்தான் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரிபொருளாக்கும் திறன் வளர்கிறது, கால்கள் அதிகம் அடிபடாமல் நீண்ட நேரம் பழகுகின்றன. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓட்டக்காரரான பீட்டர் ஸ்னெல்லைக்கூட வாரம் 160 கிலோமீட்டர்வரை ஓடும் பயிற்சிக்குப் பழக்கினார். அந்த ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும், 1964 டோக்கியோவில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். பின்னாளில் பல நெடுந்தூர விளையாட்டுகளின் முன்னணி வீரர்களை ஆராய்ந்த உடற்பயிற்சி விஞ்ஞானி ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் சுலபமான தீவிரத்திலேயே நடக்கிறது என்று கண்டார். அவர்களுடைய தூரமும் வேகமும் நமக்கு ஒத்துவராது, அந்த விகிதம் ஒத்துவரும்.

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, எல்லா நாளும் நடுத்தரக் கடினத்தில் ஓடுவது. பேசவும் முடியாது, உண்மையான வேகமும் இல்லை. களைப்பு சேர்ந்துகொண்டே போகும், முன்னேற்றம் சீக்கிரமே நின்றுவிடும்.

முதல் பத்து வாரங்கள்

அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடப்பது சிரமமாக இருந்தால், முதலில் இரண்டு மூன்று வாரம் நடை மட்டும் போதும். அது சுலபமானதும் இந்தத் திட்டத்துக்கு வாருங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் 5 நிமிட விறுநடை, முடிவில் 5 நிமிட மென்னடை. கீழே உள்ளவை நடுப்பகுதிக்கு மட்டும்.

வாரம் 1: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை.
வாரம் 2: அதே அளவு, 10 முறை.
வாரம் 3: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 7 முறை.
வாரம் 4: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை.
வாரம் 5: நான்காம் வாரத்தைப் போலவே, ஆனால் 4 முறை மட்டும்.
வாரம் 6: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 4 முறை.
வாரம் 7: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 3 முறை.
வாரம் 8: 12 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 2 முறை.
வாரம் 9: 15 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, மறுபடி 12 நிமிடம் ஓட்டம்.
வாரம் 10: முதல் இரண்டு நாள் நிற்காமல் 20 நிமிடம், மூன்றாம் நாள் 25 நிமிடம்.

பிறகு வாரத்துக்கு 2, 3 நிமிடம் கூட்டி 30 நிமிடத்தைத் தொடுங்கள். ஐந்தாம் வாரத்தில் அளவு குறைவதைப் பார்த்து, தாண்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். முன்பே சொன்ன எலும்புக் கணக்கு இந்த நேரத்தில்தான் நடந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே இன்னொரு முறை செய்யுங்கள். பத்து வாரத் திட்டம் பதினைந்து வாரம் ஆனாலும் கிடைப்பது அதே அரை மணி நேர ஓட்டம்தான்.

நடை இடைவேளையைப் பலர் தோல்வியாக எண்ணி, மூச்சு முட்டும்வரை ஓடிவிட்டு வேறு வழியில்லாமல் நடக்கிறார்கள். அப்படி நடப்பதில் பாதிப் பயன் போய்விடும். களைப்பு வருவதற்கு முன்பே, கடிகாரம் சொன்னபடி நடக்க வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலவே, பிறகு சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தபோது இந்த ஓட்ட–நடை முறையைத்தான் பரப்பினார். இதைக் கடைப்பிடித்து முழு மாரத்தான் முடித்தவர்கள் ஏராளம்.

தவறிப்போன நாளை ஈடுகட்ட அடுத்தடுத்த இரண்டு நாள் ஓடவே வேண்டாம். தவறியது தவறியதாகவே இருக்கட்டும்.

உடம்பை வைத்துக்கொள்ளும் விதம்

இதில் அதிகம் மாற்ற வேண்டியதில்லை. பார்வை 15, 20 மீட்டர் தள்ளி, தோள் தளர்வாக, கை விரல்கள் இறுகாமல். கவனிக்க வேண்டிய ஒரே விஷயம், பாதம் உடம்புக்கு வெகுதூரம் முன்னால் போய் விழுகிறதா என்பது. எட்டு, அதாவது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலான தூரம், நீண்டால் ஒவ்வோர் அடியும் பிரேக் போடுவதுபோல் முழங்காலில் இறங்கும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று இரண்டு காலையும் சேர்த்து எண்ணுங்கள். 150, 155 என்று வந்து முழங்கால் வலியும் இருந்தால், அதே வேகத்தில் ஓடிக்கொண்டே அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள். எட்டு தானாகக் குறுகும், முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறையும். எல்லோரும் 180 அடி வைக்க வேண்டும் என்று சொல்லப்படுவதைப் பொருட்படுத்த வேண்டாம். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஓடிய வீரர்களின் அடிகளை ஓட்டப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் எண்ணிப் பார்த்ததிலிருந்து அந்த எண் பரவியது. அவர்கள் பந்தய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள்.

ஓடுவதற்கு முன் நின்ற இடத்தில் தசையை இழுத்துப் பிடித்து நீட்டுவதால் காயம் குறைவதாகத் தெரியவில்லை. 5 நிமிட நடையும், ஒவ்வொரு காலையும் முன்பின்னாகப் பத்து முறை வீசுவதும் போதும்.

அரை மணி நேரம் ஓட வந்த பிறகு

கூட்டும் வரிசை முக்கியம். முதலில் நாட்கள், பிறகு நேரம், கடைசியில் வேகம். இரண்டை ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். மூன்று நாள் நான்காகும்போது, நான்காவது நாள் 15, 20 நிமிடம் மட்டும் இருக்கட்டும். அப்படி ஒரு மாதம் போன பிறகு வார இறுதி ஓட்டத்தை நீட்டலாம்.

வாரத் தூரத்தை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற பழைய விதி தெரிந்திருக்கும். நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களிடம் நடந்த ஒரு சோதனையில், அந்த விதிப்படி கூட்டிய குழுவுக்கும் சற்று வேகமாகக் கூட்டிய குழுவுக்கும் காய விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே வாரக் கணக்கில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னே பின்னே போனால் பதற வேண்டாம். ஒரே நாளில் பாய்வதுதான் ஆபத்து. கடந்த 30 நாளில் நீங்கள் ஓடிய மிக நீண்ட ஓட்டம் 8 கிலோமீட்டர் என்றால், இன்றைய ஓட்டம் 8.8 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். நண்பர்கள் அழைத்தார்கள் என்று 5 கிலோமீட்டர் பழக்கத்தோடு 12 கிலோமீட்டர் ஓடுவது, மறுநாள் வலி இல்லாவிட்டாலும், இரண்டு வாரம் கழித்துக் கணக்கு தீர்க்கக்கூடும். நீண்ட ஓட்டம் மொத்த வாரத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை மொத்த அளவை கால் பங்கு குறைத்துவிடுங்கள்.

நான்கு நாள் ஓடுபவரின் ஒரு வாரம் இப்படி அமையலாம்: செவ்வாய் 30 நிமிடம் மெதுவாக, வியாழன் 30 நிமிடம் மெதுவாக ஓடி முடிவில் நான்கு சிறு பாய்ச்சல், சனி 20 நிமிடம் மிக மெதுவாக, ஞாயிறு 40 நிமிடம் மெதுவாக. சிறு பாய்ச்சல் என்பது 15 முதல் 20 விநாடி. முதல் 5 விநாடியில் படிப்படியாக வேகமேற்றி, முழு வலுவில் ஐந்தில் நான்கு பங்கில் நிலைத்து, பிறகு தளர்த்துவது. இடையில் மூச்சு முழுதாக அடங்கும்வரை, ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ, நடக்க வேண்டும். இதை விரட்டு ஓட்டமாக மாற்றினால் பின்தொடைத் தசை இழுத்துக்கொள்ளும்.

மூன்று மாதம் வலியில்லாமல் போனால் வாரத்தில் ஒரு நாளை வேகத்துக்குக் கொடுக்கலாம். ஒரு வாரம் 1 நிமிடம் கடினம், 2 நிமிடம் மெது ஓட்டம் என்று 6 முறை. அடுத்த வாரம் 8 நிமிடம் டெம்போ, 3 நிமிடம் மெது ஓட்டம், மறுபடி 8 நிமிடம் டெம்போ. டெம்போ என்றால் பந்தயத்தில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம். வாக்கியம் வராது, மூன்று நான்கு சொற்கள் வரும். கடைசித் தடவையை முதல் தடவையின் வேகத்திலேயே முடிக்க முடியாவிட்டால் தொடங்கிய வேகம் தவறு.

கெண்டைக்கால், தொடை, இடுப்பு

வாரத்தில் இரண்டு நாள், 20 நிமிடம். ஓடிய நாளிலேயே செய்துவிடுங்கள், ஓய்வு நாள் உண்மையான ஓய்வாக இருக்கும்.

எதை விட்டாலும் குதிகால் உயர்த்துவதை விட வேண்டாம். கெண்டையின் அடியிலுள்ள சோலியஸ் தசை, ஓடும்போது உடல் எடையைப்போல் ஆறு மடங்குக்கும் மேலான விசையைத் தாங்குகிறது. படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, 2 விநாடியில் எழும்பி, 3 விநாடியில் குதிகால் படிக்குக் கீழே போகும்வரை இறங்குங்கள். இரண்டு காலில் 12 வீதம் 3 சுற்று. சுலபமானதும் ஒற்றைக் காலில். முழங்காலை நீட்டியபடி ஒரு சுற்று, சற்று மடக்கியபடி ஒரு சுற்று என்று மாற்றிச் செய்யுங்கள். மடக்கும்போதுதான் சோலியஸுக்கு வேலை கூடும். ஒற்றைக் காலில் நிறுத்தாமல் 25 எட்டுவது நல்ல இலக்கு. அதோடு படி ஏறி இறங்குதல் ஒவ்வொரு காலுக்கும் 10 வீதம் 3 சுற்று, மல்லாந்து படுத்து ஒற்றைக் காலை ஊன்றி இடுப்பை உயர்த்துதல் 10 வீதம் 3 சுற்று, பக்கவாட்டு பிளாங்க் (பக்கவாட்டில் படுத்து, முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கி நிறுத்துவது) 30 விநாடி.

வலி எங்கே, எப்போது

இரண்டு காலிலும் ஒரே மாதிரி, தசை முழுவதும் பரவி, ஒன்றிரண்டு நாளில் அடங்குகிற வலி வெறும் பழக்கமின்மை. ஒரு காலில் மட்டும், ஒரே இடத்தில், ஓட ஓட ஏறுகிற வலி காயம். பத்துக்கு மூன்று மதிப்பெண்ணுக்குள் இருந்து, ஓடும்போது ஏறாமல், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும் வலியோடு அளவைக் குறைத்து ஓடலாம். நொண்ட வைக்கும் வலியோடு ஓடக்கூடாது. நொண்டி ஓடினால் இன்னொரு இடமும் கெடும்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்விளிம்பில், ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகப் பரவிய வலி, தூரம் திடீரென்று கூடியதால் வருவது. இரண்டு வாரம் அளவைப் பாதியாக்கி, கெண்டைப் பயிற்சியைத் தொடர்ந்தால் பெரும்பாலும் குறையும். அதே எலும்பில் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் தொட்டாலே துள்ள வைக்கும் வலி, இரவில் படுத்திருக்கும்போதும் இருந்தால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஓட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகக்கூடும். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று ஓடத் தொடங்கிவிடாமல், எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.

முழங்கால் சில்லைச் சுற்றி, படி இறங்கும்போதும் நீண்ட நேரம் உட்கார்ந்து எழும்போதும் வரும் வலிக்கு, இறக்கப் பாதைகளைத் தவிர்த்து, எட்டைக் குறுக்கி, தொடை, இடுப்புப் பயிற்சியைக் கூட்டுவது மருந்து. முழங்காலின் வெளிப்பக்கம், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே தூரத்தில் தொடங்கும் வலி, தொடையின் வெளிப்பட்டை உரசுமிடத்தில் வருவது. வலி தொடங்கும் தூரத்துக்கு முன்பே ஓட்டத்தை முடித்துவிடுவதைச் சில வாரம் கடைப்பிடியுங்கள்.

காலையில் எழுந்ததும் குதிகாலின் பின்புறத் தசைநாண் விறைத்து, நடக்க நடக்கத் தளர்ந்தால், முழு ஓய்வு அதைக் குணப்படுத்தாது. ஓய்வில் தசைநாண் இன்னும் பலமிழக்கும். 1998இல் வெளியான, ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சனின் முறையில், வலிக்கிற காலால் மெதுவாகக் குதிகாலை இறக்குவதை நீட்டிய முழங்காலில் 15 வீதம் 3 சுற்று, மடக்கிய முழங்காலில் 15 வீதம் 3 சுற்று, நாளுக்கு இருமுறை, 12 வாரம் செய்தார்கள். வலி தசைநாணின் நடுப்பகுதியில் இருந்தால் இது பொருந்தும். குதிகால் எலும்பில் அது ஒட்டும் இடத்திலேயே வலி இருந்தால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்ய வேண்டும்.

விலாவில் பிடித்தால் வேகத்தைக் குறைத்து, மூச்சை நீளமாக வெளியே விட்டு, பிடித்த இடத்தை விரலால் அழுத்துங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஓடினால் இது குறையும்.

மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றுபோனால், ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு உடம்புக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். எலும்பு மெலியத் தொடங்குவது அப்போதுதான். இது பயிற்சியின் பலன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

ஷூ, தண்ணீர், வெயில்

மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, ஓடும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு ஷூவைப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் நகம் கறுத்து விழும். கடைக்குள் நான்கு அடி ஓடியதும் சுகமாக இருப்பதே சரியான ஷூ. 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டி வரும்.

ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த ஓட்டத்துக்குத் தண்ணீர் சுமந்து போவது பெரும்பாலும் தேவைப்படாது. நீண்ட ஓட்டத்தில் தாகத்துக்குக் குடியுங்கள், கணக்குக்காகக் குடிக்க வேண்டாம். ஓடிவந்த பின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். அதனால் இரத்தத்தில் சோடியம் குறைந்தால் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அது உயிருக்கே ஆபத்து.

வெயில் காலத்தில் அதே முயற்சிக்கு வேகம் குறைவது இயல்பு, ஏனென்றால் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் போக வேண்டும். பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை தூரம் பார்க்காமல் நேரம் பார்த்து ஓடுங்கள்.

முன்னேற்றத்தை அளப்பதும் இடைவெளிக்குப் பின் திரும்புவதும்

தினமும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் சோரும். தூக்கம், வெப்பம், வேலைச் சுமை எல்லாம் அதை ஆட்டிவைக்கும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே பாதையில், ஏறத்தாழ ஒரே வானிலையில், பேச முடிகிற அதே முயற்சியில் 3 கிலோமீட்டர் ஓடி நேரத்தைக் குறித்து வையுங்கள். முயற்சி மாறாமல் அரை நிமிடம் குறைந்திருந்தாலே அது நல்ல முன்னேற்றம், கொண்டாடத் தகுந்தது.

காய்ச்சலோ உடல்வலியோ இருக்கும்போது ஓட வேண்டாம், முழுதாகத் தணிந்து ஒன்றிரண்டு நாள் கழியட்டும். ஒரு வாரம் விட்டுப்போனால் நிறுத்திய இடத்திலிருந்தே தொடரலாம். அதற்குள் திறன் குறிப்பிடும்படி குறைந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் என்றால் பழைய அளவில் பாதியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் ஏறுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் போயிருந்தால் மேலே உள்ள திட்டத்தின் நான்காம் வாரம், மூன்று மாதத்தைத் தாண்டினால் முதல் வாரம். திரும்பி வருகிறவர்களுக்கு மூச்சு இன்னும் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதால், திட்டத்தை இம்முறை கூடுதல் கண்டிப்போடு கடைப்பிடிக்க வேண்டும்.